பணயத்துக்கு எல்லை உண்டா?

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டிச் சில நிலையங்கள் கழித்து வருகிறது திருவாலங்காடு. திருத்தணி வட்டத்து ஊர். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை இங்குள்ள வடாரண்யேசுவரர் கோயிலில்தான் இருக்கிறது. இந்த ஊரையும் பக்கத்துப் பழையனூரையும் சுற்றி மூன்று கதைகள் பல நூற்றாண்டுகளாக வழங்கி வருகின்றன. காளி ஆடித் தோற்ற கதை ஒன்று. நீலியிடம் ஏமாந்த வேளாளர்கள் உயிரைக் கொடுத்த கதை மற்றொன்று. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த கதை மூன்றாவது. மூன்றிலும் யாரோ ஒருவர் தன்னிடம் இருப்பதையெல்லாம் வைக்கும் இடத்துக்கு வந்து நிற்கிறார். சிலர் வைக்கிறார்கள். ஒருத்தி நிறுத்திக்கொள்கிறாள்.

அவள்தான் காளி. அசுரர்களைக் கொன்று உக்கிரம் தணியாமல் ஆலங்காட்டில் அவள் ஆண்டுகொண்டிருக்க, முனிவர்கள் முறையிடுகிறார்கள், சிவன் வருகிறார். என்னோடு ஆடி வென்றால் இந்தக் காட்டை நீரே ஆளலாம் என்கிறாள் காளி. அந்த இடமே பணயம். அவர் ஆடும் ஒவ்வொரு அடியையும் அவளும் ஆடுகிறாள். ஒரு கட்டத்தில் சிவனின் காதிலிருந்து குண்டலம் கீழே விழுகிறது. அதைக் கால் விரலால் எடுத்து, அந்தக் காலைத் தலைக்கு மேலே தூக்கிக் காதிலேயே மாட்டிக்கொள்கிறார். அதுவே ஊர்த்துவ தாண்டவம். காளி அந்த அடியை ஆடவில்லை. நாணம் தடுக்கிறது, தோல்வியை ஒப்புக்கொள்கிறாள்.

திறமை குறைந்து அவள் தோற்றதாகத் தல வரலாறு சொல்வதில்லை. ஆட்டத்தை மேலே மேலே உயர்த்திக்கொண்டே போகலாம் என்ற விதி அங்கே இருந்தது; எதிரில் இருந்தவர் அவளுடைய எல்லைக்கு அப்பால் ஓர் அடி வைத்தார். ஆலங்காட்டு வழிபாட்டு மரபு இந்தத் தோல்வியை நடத்தும் விதம் கவனிக்கத்தக்கது. காளிக்கு இங்கே தனிக் கோயில் உண்டு. முதலில் அவளை வணங்கிவிட்டுத்தான் ஆண்டவனை வணங்க வேண்டும் என்பது முறை. தன் எல்லையில் நின்றவளுக்கே முதல் வணக்கம்.

எதையாவது பணயம் வைக்கும் மனிதன் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தக் கூடாது என்ற கேள்வியைச் சமயமும் தத்துவமும் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. அந்தக் கேள்வியை எண்களாகவே பிரித்துக் காட்டும் இடம் ஒன்று உண்டு. அது சீட்டு மேசை.

போக்கரில் முக்கியமாக இரண்டு வகை. லிமிட் ஆட்டத்தில் எவ்வளவு பந்தயம் கட்டலாம் என்பது முன்கூட்டியே நிர்ணயம். முதல் இரண்டு சுற்றில் ஒரு தொகை, கடைசி இரண்டு சுற்றில் அதன் இருமடங்கு. ஒரு சுற்றில் வழக்கமாக மூன்று முறைதான் உயர்த்த முடியும். நோ-லிமிட் ஆட்டத்தில் அந்த வரம்பு கிடையாது. எந்தச் சுற்றிலும், எந்த நொடியிலும், தன் முன் இருக்கும் அத்தனை காசையும் ஒருவர் நடுவில் தள்ளிவிடலாம். அதற்குப் பெயர் ஆல்-இன். சீட்டுக்கட்டு ஒன்றே, விதிகளும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ஆட்டம் வேறு.

எவ்வளவு வேறு என்பதை ஒரே கையில் பார்த்துவிடலாம். நான்கு பொதுச் சீட்டுகள் திறந்துவிட்டன. இன்னும் ஒன்று பாக்கி. ஒருவரிடம் நான்கு ஹார்ட்டின் சேர்ந்திருக்கிறது. ஐந்தாவது வந்தால் ஃபிளஷ், வெற்றி. அவர் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 46. அவற்றில் ஹார்ட்டின் 9. நடுவில் 1,000 ரூபாய் கிடக்கிறது. லிமிட் ஆட்டத்தில் எதிராளி 200 ரூபாய்தான் கட்ட முடியும். அப்போது 200 போட்டால் 1,200 கிடைக்க வாய்ப்பு. இதே நிலை 46 முறை வந்து, ஒவ்வொரு சீட்டும் ஒரு முறை திறந்தால், 9 முறை வென்று 10,800 சேரும். 37 முறை தோற்று 7,400 போகும். ஆக, தொடர்வதுதான் சரி. நோ-லிமிட்டில் எதிராளி 1,000 ரூபாயைத் தள்ளுகிறார். இப்போது 1,000 போட்டால் கிடைக்கக்கூடியது 2,000. அதே 46 முறையில் வரவு 18,000, செலவு 37,000. சீட்டை மடக்கிவிடுவதுதான் அறிவு. கையில் இருந்த சீட்டு மாறவில்லை, அடுத்த சீட்டு வரும் வாய்ப்பும் மாறவில்லை. மாறியது பணயத்தின் அளவு மட்டுமே. சரியான முடிவு தலைகீழாகிவிட்டது.

ஆகவே லிமிட் ஆட்டம் கணக்குப் பார்ப்பவரின் ஆட்டம். அங்கே மிரட்டல் பெரிதாக எடுபடாது. இன்னொரு 200 ரூபாய்தானே என்று எதிராளி சீட்டைப் பார்த்துவிடுவார். சிறு சிறு லாபங்களைப் பொறுமையாகச் சேர்ப்பவர்தான் நாளடைவில் ஜெயிப்பார். நோ-லிமிட்டில் பந்தயம் வேறு வேலை செய்கிறது. அது எதிராளியின் சீட்டைவிட அவருடைய அச்சத்தைத்தான் அதிகம் சோதிக்கிறது. 2003ஆம் ஆண்டு உலகத் தொடர் போக்கரின் இறுதியில், கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு அத்தனை காசையும் தள்ளினார். எதிரில் இருந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டு, தன்னிடம் இருந்த மேலான சீட்டை மடக்கினார். மணிமேக்கருக்குப் பரிசு 25 லட்சம் டாலர். அவர் வென்றது எதிராளியின் எல்லை எங்கே இருக்கிறது என்று ஊகித்து, அதைத் தாண்டிப் பந்தயம் கட்டியதால்.

கணினிக்கு இந்த ஆட்டத்தைக் கற்பிக்க முயன்றவர்களும் இதே வேறுபாட்டைச் சந்தித்தார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழுவினர் இருவர் ஆடும் லிமிட் ஆட்டத்தை நடைமுறைக்குப் போதுமான அளவு முழுமையாகத் தீர்த்துவிட்டதாக 2015 ஜனவரியில் அறிவித்தார்கள். எல்லை இருந்ததால் எல்லா நிலைகளையும் கணக்கிட முடிந்தது. நோ-லிமிட்டில் எழும் நிலைகளின் எண்ணிக்கை, 1க்குப் பின்னால் 160 சுழியங்கள் போடும் அளவுக்குப் போகிறது. அப்படித் தீர்க்க வழியில்லை. ஆனாலும் 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற நிரல், 1,20,000 கைகள் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. நடுவில் கிடப்பதைப்போலப் பல மடங்கு தொகையை அது சட்டென்று தள்ளும்போது அவர்கள் திணறினார்கள். அந்த நிரலுக்கு வீடு இல்லை, வாடகை இல்லை, பிள்ளைக்குக் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம் இல்லை. இழக்க ஒன்றுமில்லாததற்கு எல்லையும் இல்லை.

மனிதருக்கு எல்லாமே இழக்கக்கூடியவை. ஆகவே வரம்பின்றி வைப்பது என்பது கணக்கிலேயே ஆபத்தானது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி 1956இல் இதற்குச் சூத்திரம் வகுத்தார். ஒருவருக்கு நூற்றுக்கு அறுபது முறை ஜெயிக்கும் ஆட்டம் கிடைத்திருக்கிறது, ஜெயித்தால் வைத்தது இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்வோம். இதைவிடச் சாதகமான ஆட்டம் எங்கே கிடைக்கும்? ஆனால் ஒவ்வொரு முறையும் கையில் இருப்பது முழுவதையும் வைத்தால், பத்தே ஆட்டத்துக்குப் பிறகு கையில் ஏதாவது மிஞ்சும் வாய்ப்பு ஆயிரத்தில் ஆறு. கெல்லியின் கணக்குப்படி அவர் வைக்க வேண்டியது கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. வெல்லும் ஆட்டத்திலும் எல்லை வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இதை அறிந்துதான் போலும், திருவள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கென்று 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கியபோது தோற்பவரைப் பற்றித் தொடங்கவில்லை. ஜெயிப்பதையே முதல் ஆபத்தாகக் காட்டுகிறார்.

பாரதத்தின் சூது மண்டபம் நோ-லிமிட் மேசைதான். தருமர் முதலில் வைப்பது மணியும் பொன்னும். பிறகு தேர், யானை, நாடு. பிறகு தம்பியர் ஒவ்வொருவராக. பிறகு தன்னையே. கடைசியில் திரௌபதி. எந்த இடத்திலும் ஆட்டத்தின் விதி அவரை நிறுத்தவில்லை. சகுனி அடுத்த பணயத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். தொண்டை நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில், துகிலுரியும் கட்டத்துக்காக விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு இது மனப்பாடம். அந்தச் சபையில் திரௌபதி கேட்பது இரக்கமல்ல, நியாயம். தன்னை முதலில் தோற்றுவிட்டு என்னை வைத்தாரா, என்னை வைத்த பிறகு தன்னைத் தோற்றாரா? தன்னையே இழந்தவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க என்ன உரிமை? அந்த அவையில் பீஷ்மராலேயே நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. சகுனியின் காய் நேர்மையானதா, ஆட்டத்தில் திறமை எத்தனை, அதிர்ஷ்டம் எத்தனை என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். வைத்தது யாருடையது என்பதே அவள் கேள்வி.

நளனும் சூதில் நாடிழந்தவன்தான். எல்லாவற்றையும் வென்ற புட்கரன், மீதியிருக்கும் தமயந்தியை வை என்கிறான். நளன் அங்கே நிறுத்திவிட்டு எழுந்து போகிறான். உடுத்திய துணியோடு காட்டுக்குப் போனாலும், தருமர் தாண்டிய கோட்டை அவன் அன்று தாண்டவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் வைப்பது எப்போதுமே தவறா? பழையனூர் இதற்கு எளிதாகத் தலையாட்ட விடாது.

முதலாம் இராசேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடையளித்த ஊர் இந்தப் பழையனூர். புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பதிவு செய்வது அந்தக் கொடையைத்தான். ஊரின் கதை அதற்கும் முந்தியது. ஏழாம் நூற்றாண்டிலேயே ஞானசம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் அதைத் தொட்டுச் செல்கிறார். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், நீலி என்ற பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் துரத்துகிறாள். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் கணவர், என்னைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார் என்று வேளாளர் சபையில் அழுகிறாள். இவள் பேய் என்று வணிகன் கதறுகிறான். பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபை அவளை நம்பிவிடுகிறது. அவனுக்குக் காவலாக இருந்த மந்திர வாளையும் கீழே வைக்கச் சொல்கிறார்கள். இன்றிரவு இவளோடு தங்கு, உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிரைக் கொடுக்கிறோம் என்று வாக்குத் தருகிறார்கள். விடிந்தபோது வணிகன் செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

வஞ்சகத்தால் பெறப்பட்ட வாக்கு செல்லாது என்று ஒருவர் வாதிடலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 19ஆம் பிரிவில், மோசடியால் ஏமாந்தவர் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் வேளாளர்கள் வாக்குக் கொடுத்தது நீலிக்கு அல்ல, வணிகனுக்கு. அவன் அவர்களை ஏமாற்றவில்லை, உண்மையைத்தான் சொன்னான். அவன் சொல்லை நம்பாமல், அவன் வாளையும் வாங்கி வைத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தங்கள் உயிரை வைத்தவர்கள் அவர்கள். தீர்ப்புத் தவறியதும் விலை அவர்களுடையதாகிறது. தீர்ப்புச் சொல்பவன் தன் தீர்ப்புக்குத் தானே பிணை என்ற கருத்தை இதைவிடக் கடுமையாகச் சொன்ன கதை தமிழில் அரிது.

இந்தப் பணயத்தில் இன்னொன்றும் உண்டு. வணிகன் பிழைத்திருந்தால் வேளாளர்களுக்கு ஒரு காசும் கிடைத்திருக்காது. வென்றால் லாபமில்லை, தோற்றால் உயிர். போக்கர் மேசையில் இப்படி ஒருவரும் உட்காரமாட்டார். வேறொருவரின் அச்சத்தைப் போக்குவதற்காக வைக்கப்பட்ட பணயம் அது. வேறொருவரை மடக்கவைக்க வைத்ததல்ல. ஆயினும் திரௌபதியின் கேள்வியை அவர்களிடமும் கேட்கத்தான் வேண்டும். எழுபது உயிரும் எழுபது பேருக்கு மட்டும் சொந்தமா? அந்த வீடுகளில் மனைவியர் இருந்திருப்பார்கள், பிள்ளைகள் இருந்திருப்பார்கள். மரபு எழுபதின்மரைத்தான் போற்றுகிறது. வீட்டில் இருந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களையும் நினைத்துப் பார்த்தால், தன் உயிரைத் தான் வைப்பதுகூட முழுக்கத் தன்னுடையதை வைப்பதாகாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காரைக்கால் அம்மையார் அந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டே வருகிறார். கணவன் பரமதத்தன் அஞ்சி விலகி, வேறு மணம் செய்து, அவரைத் தெய்வமென்று வணங்கிய பிறகுதான், அவனுக்காகச் சுமந்த இந்த உடலழகு இனி வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டுப் பேயுருவம் பெறுகிறார். யாருக்கும் கடன்பட்டிராத பொருளை வைக்கிறார். கயிலைக்குத் தலையால் நடந்து, பின் ஆலங்காட்டுக்கு வந்து, ஆடும் திருவடிக்குக் கீழே இருக்கிறார்.

பிரான்ஸ் நாட்டுச் சிந்தனையாளர் பாஸ்கல், 1654இல் ஃபெர்மாவோடு கடிதம் எழுதி நிகழ்தகவுக் கணிதத்துக்கு வித்திட்டவர். கடவுள் நம்பிக்கையையும் அவர் பந்தயமாகவே பார்த்தார்: வைப்பது அளவுள்ள வாழ்வு, வெல்லக்கூடியது அளவற்ற பேறு, ஆகவே வைத்துவிடு. கூர்மையான வாதம்தான். ஆனால் அது வரவைப் பார்த்து வைக்கும் பணயம். அம்மையார் எந்தப் பக்கத்து வாய்ப்பையும் எடைபோட்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. சைவம் தூக்கிய திருவடியை அருளின் குறியாகக் கொள்கிறது. அருளை எதிர்த்துப் பந்தயம் கட்ட முடியாது, அதற்குள் போய் இருக்கத்தான் முடியும்.

எல்லையின்றி வைப்பதற்கு இந்தக் கதைகளிலிருந்து இரண்டு நிபந்தனைகளைத் திரட்டலாம். வைப்பது முழுக்கத் தன்னுடையதாக இருக்க வேண்டும். வைப்பதில் லாபம் நோக்கமாக இருக்கக் கூடாது. பணத்துக்கு ஆடும் எந்த ஆட்டமும் இரண்டாவதில் தவறிவிடுகிறது, பெரும்பாலும் முதலாவதிலும். ஆகவே அங்கே எல்லை கட்டாயம்.

தமிழ்நாடு அந்த எல்லையைப் போட முயன்ற கதை அண்மைக்காலத்தது. இணைய ரம்மியில் பணமிழந்து தற்கொலைகள் நடந்த பின்னணியில், 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை தந்தது. அதன்பின் வந்த சட்டத்துக்கு, ஆளுநர் ஒரு முறை திருப்பி அனுப்பிய பிறகு, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்ததை ஏற்கவில்லை. நீதிமன்றங்களின் விசாரணை பெரிதும் திறமையா, அதிர்ஷ்டமா என்பதிலேயே சுற்றியது.

2025 பிப்ரவரியில் அரசு வேறு வழியில் வந்தது. ஆதார் சரிபார்ப்பு, ஒவ்வொரு ஆட்டக்காரரும் நாளுக்கும் வாரத்துக்கும் மாதத்துக்கும் பண வரம்பு நிர்ணயிக்க ஏற்பாடு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இந்த விதிகளை உறுதி செய்தது. திறமை சார்ந்த ஆட்டமாகவே இருந்தாலும் எல்லை போடலாம் என்பது அதன் உட்பொருள்.

இங்கே லிமிட் மேசை கற்றுத்தரும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தொகைக்கு வரம்பு போட்டால் ஒவ்வொரு பந்தயமும் மலிவாகிறது. மலிவானதால் ஆட்டக்காரர் எழுவதில்லை. இன்னும் ஒரு சீட்டு பார்ப்போம் என்ற எண்ணத்துக்கு லிமிட் ஆட்டமே நல்ல நிலம். நோ-லிமிட்டில் ஒரே கையில் போவது இங்கே இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போகும். அதனால்தான் பண வரம்போடு நேர வரம்பும் சேர்ந்ததில் பொருள் இருந்தது.

இன்னொரு சிக்கல், எல்லை ஆளுக்கு ஆள் மாறுவது. டெக்சாஸ் வங்கியாளர் ஆண்டி பீல், 2001 முதல் 2006 வரை லாஸ் வேகாஸின் தலைசிறந்த ஆட்டக்காரர்களோடு லிமிட் போக்கர்தான் ஆடினார். ஆனால் அந்த லிமிட்டையே ஒரு லட்சம், இரண்டு லட்சம் டாலர் வரை ஏற்றினார். தொழில்முறை ஆட்டக்காரர்களும் அஞ்சும் இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோவது அவர் திட்டம். அவர்கள் பணத்தைக் கூட்டாகப் போட்டு எதிர்கொண்டார்கள். 2006 பிப்ரவரியில் ஃபில் ஐவி சில நாட்களில் 1.6 கோடி டாலருக்கு மேல் வென்றார். பீலுக்கு லிமிட்டாக இருந்தது மற்றவர்களுக்கு ஆல்-இன். தினக்கூலி 600 ரூபாய் வாங்குபவர் அன்றைக்கு 500 ரூபாய் என்று வரம்பு வைத்துக்கொண்டால், பெயர்தான் வரம்பு. அவர் வைத்தது அன்றைய அடுப்பு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஆனால் சீட்டு மேசையை மூடினாலும் கேள்வி மூடப்படுவதில்லை. அது சட்டம் அனுமதிக்கும் இடங்களிலும் இருக்கிறது. பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, விருப்ப ஒப்பந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டார்கள் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறியது. அடுத்த மாதமே செபி குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சிறியவர் உட்கார முடியாதபடி வாசற்படியை உயர்த்தும் முறை இது. மனைவியின் நகையை அடகு வைத்தும் செயலியில் கடன் வாங்கியும் அந்தப் படியில் ஏறுகிறவரிடம், வைப்பது யாருடையது என்று எந்தச் சுற்றறிக்கையாலும் கேட்க முடியாது. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. கணக்கு தொடங்கும் நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் திரௌபதியைச் சபைக்கு அழைத்தபோது ஆட்டம் முடிந்திருந்தது.